மோரிஸ் மைனரின் எஸ்.யூ. கார்புரேட்டரை ட்யூன் செய்யும் முறை

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை விட்ட நிலையில், என்ஜின் நிலைக்கவில்லை, பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது என்றால் பலருடைய கை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகும். எஸ்.யூ. என்ற இங்கிலாந்துக் கார்புரேட்டர் பொருத்திய வண்டியில் அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும். இதில் தானாகக் கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் பாயின்ட் (பிளக்கில் பொறியைத் தூண்டும் தொடுமுனை), டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்), காற்றுக் கசிவு என்று வேறு எங்கோ இருக்கும் கோளாறை மறைக்க இதன் நட்டைத் திருகினால், கோளாறு இரண்டாகிவிடும்.

இங்கே சொல்வது 1098 சிசி மோரிஸ் மைனருக்கு. 1962 முதல் வந்த இந்த என்ஜினில் இருப்பது ஒன்றேகால் அங்குல எச்.எஸ்.2 கார்புரேட்டர். ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு பெட்ரோல் தொட்டியிலிருந்து, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அடிக்கு ஒரு நைலான் குழாய் போனால் அது எச்.எஸ். வகை. நீடில் (ஊசி) ஆடாமல் நிலையாகப் பொருத்தப்பட்ட மற்ற எச்.எஸ். கார்புரேட்டர்களுக்கும், அந்தக் கால மினி உட்பட, முறை இதுவே. நீடில் எண்ணும் என்ஜின் அளவுகளும் மட்டும் மாறும்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே கவிழ்த்த குடுவைபோல் இருக்கும் சேம்பருக்குள் ஒரு பிஸ்டன். என்ஜின் காற்றை இழுக்க இழுக்க அது மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். பிஸ்டனின் அடியில் ஒரு நீடில். கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும். அந்த நீடில் ஜெட்டுக்குள் நிற்கிறது. பிஸ்டன் ஏறினால் ஜெட்டில் இடைவெளி கூடி, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரும். ஐடிலுக்குத் தனி ஜெட் இல்லை, ஆக்சிலேட்டர் பம்ப்பும் இல்லை. நீடில் சரியானதாக இருந்தால், ஐடிலில் சரியாக வைத்த கலவைதான் முழு வேகம் வரை தொடரும். அதனால் திருப்புவதற்கு இரண்டே இடங்கள்: கலவைக்கு ஜெட்டின் அடியில் உள்ள நட், ஐடில் வேகத்துக்குத் த்ராட்டில் திருகு.

முதலில் பார்க்க வேண்டியவை

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள்: எல்லா வால்வுக்கும் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35–0.40 மி.மீ.). பிளக் 0.025 அங்குலம் (0.64 மி.மீ.). வரிசை இதுதான், ஏனென்றால் பாயின்ட் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும், அதாவது பிளக் பொறி விடும் நேரமும், நகரும். டைமிங்கை உங்கள் என்ஜினின் கம்ப்ரஷனுக்கு மேனுவலில் சொன்ன அளவில், பாயின்ட் வைத்த பிறகு வையுங்கள். டைமிங் பின்தங்கிய என்ஜின் ஐடிலில் சோம்பலாகவும் சூடாகவும் ஓடும். அதைக் கலவைக் கோளாறு என்று நினைத்து நட்டைத் திருப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்தது காற்றுக் கசிவு. மேனிஃபோல்ட் நட்டுகளை, கார்புரேட்டர் அடியில் இருக்கும் இரண்டு நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயின் இரு முனையிலும் உள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் காற்றும் உள்ளே போகும், பொறியை முன்கூட்டும் அட்வான்ஸும் வேலை செய்யாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் ஐடில் ஒரு நேரம் 500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 500 சுற்று), ஒரு நேரம் 900 என்று அலைந்தால், த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் ஸ்பிண்டில் ஓட்டை தேய்ந்துவிட்டது. அந்த ஓரத்தில் காற்று உறிஞ்சும். அதோடு என்ன ட்யூன் செய்தாலும் நிற்காது. பாடியைக் குடைந்து புஷ் போடக்கூடிய லேத் கடைக்குக் கொண்டுபோங்கள், புது ஸ்பிண்டிலும் சேர்த்து. புது ஸ்பிண்டில் மட்டும் போட்டால் பெரும்பாலும் பாதிப் பலன்தான், தேய்வு பாடியிலும் இருக்கும்.

பெட்ரோல் பம்ப் என்ன சொல்கிறது என்று காது கொடுங்கள். மைனரில் எஸ்.யூ. எலெக்ட்ரிக் பம்ப் பானெட்டுக்குள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் வேகமாக டக்டக்டக் என்று அடித்து, ஃப்ளோட் சேம்பர் நிரம்பியதும் அடங்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது எப்போதாவது ஒரு தட்டு தட்டினால் பரவாயில்லை. நிற்காமல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வழிகிறது. அவசரமாக, ஓயாமல் அடித்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது டேங்க் காலி. வழிவதை அலட்சியம் செய்யாதீர்கள்: இந்த என்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று. திறந்தவெளியில் வேலை செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிஸ்டனும் நீடிலும்

ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். சேம்பரும் பாடியும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேல் திருகுகளை எடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் வர வேண்டும். டேம்பரை (சேம்பரின் உச்சியில் திருகியிருக்கும், எண்ணெயில் மூழ்கிப் பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் தண்டு) எடுத்துவிட்டு, சேம்பரை நேராக மேலே தூக்குங்கள், சாய்த்தால் நீடில் வளையும். சேம்பரும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த ஜோடி. வேறு வண்டியின் பிஸ்டனை இதில் போட்டால் சிக்கும் அல்லது கசியும். எமரி தாளால் தேய்ப்பதும் அதே காரணத்தால் கூடாது. பெட்ரோல் நனைத்த துணியால் இரண்டையும் துடைத்துக் காய விடுங்கள். எண்ணெய் பிஸ்டனின் நடுத் தண்டில் ஒரு சொட்டு மட்டும். சுவர்களில் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டிப் பிஸ்டன் சிக்கும்.

நீடிலின் தலைப்பக்கத்தில் எழுத்து பொறித்திருக்கும். 1098 சிசிக்கு சாதாரண நீடில் ஏ.என்., ஸ்பிரிங் சிவப்பு. 948 சிசிக்கு எம். இடையில் கை மாறிய வண்டிகளில் எந்த நீடில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. தவறான நீடில் இருந்தால் ஐடிலை நட்டால் சரிசெய்துவிடலாம், ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் திணறும். நீடிலின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். மேலே ஏறியிருந்தாலும் கீழே இறங்கியிருந்தாலும் பக்கத் திருகைத் தளர்த்திச் சமமாக்கி இறுக்குங்கள். நீடிலின் ஒரு பக்கத்தில் பளபளவென்று உரசிய கோடு தெரிந்தால், ஜெட் நடுவில் இல்லை. தேய்ந்த நீடிலைப் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள், கூடவே ஜெட்டும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ஜெட்டின் துளை 0.090 அங்குலம். இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம் இன்றும் அசல் எஸ்.யூ. பாகங்கள் செய்கிறது.

டக் என்ற சத்தம்

எல்லாம் மாட்டிய பின், டேம்பர் போடாமல், பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் விழுந்து, அடியில் ஜெட்டைச் சுற்றியுள்ள மேடான பாலத்தில் உலோகம் மோதும் தெளிவான டக் கேட்க வேண்டும். ஜெட்டை முழுதும் மேலே வைத்து ஒருமுறை, சோக்கை இழுத்து ஜெட்டை இறக்கி ஒருமுறை செய்யுங்கள். கீழே இருக்கும்போது டக் என்றும், மேலே இருக்கும்போது மந்தமாகவும் விழுந்தால் நீடில் ஜெட்டில் உரசுகிறது. இந்தச் சோதனை தேறாமல் மேலே ஒரு படிகூடப் போவதில் பயன் இல்லை.

நடுவில் நிறுத்த: ஜெட்டைச் சோக் லிவரோடு இணைக்கும் இணைப்பைக் கழற்றி, ஜெட்டை நைலான் குழாயோடு கீழே உருவுங்கள். கலவை நட்டைக் கழற்றி, அதன் மேலிருக்கும் ஸ்பிரிங்கை எடுத்து வைத்துவிட்டு, நட்டை மட்டும் திரும்ப முழுதும் மேலே ஏற்றுங்கள். ஜெட்டைத் திரும்பச் செருகுங்கள். இப்போது அதன் மேலே இருக்கும் பெரிய லாக் நட்டை, ஜெட் பேரிங் விரலால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். மேலே டேம்பர் துளை வழியாகப் பென்சிலை விட்டுப் பிஸ்டனைக் கீழே மெல்ல அழுத்துங்கள். நீடில் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு ஜெட்டை நடுவுக்கு இழுக்கும். அழுத்தியபடியே லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது பேரிங் கொஞ்சம் சுழலும், அதனால் முதல் தடவையில் சரியாக வராமல் போகலாம். டக் சோதனை, தேறாவிட்டால் மறுபடி தளர்த்தி இன்னொரு முறை. பொறுமை தேவைப்படும் ஒரே வேலை இதுதான். தேறியபின் ஸ்பிரிங்கைப் போட்டு எல்லாவற்றையும் இணையுங்கள்.

ஃப்ளோட்

ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்து தலைகீழாகப் பிடியுங்கள், நீடில் வால்வு தன் எடையில் மூடட்டும். நைலான் ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. ட்ரில் பிட் உரசாமல் நுழைய வேண்டும். ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம். மட்டம் உயர்ந்தால் பெட்ரோல் ஜெட்டில் தானாக வழிந்து எப்போதும் ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) ஓடும், குறைந்தால் நெடுஞ்சாலையில் லீனாகும் (பெட்ரோல் குறையும்). ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்துவிட்டது. சேம்பரின் அடியில் படிந்த துருத் தூளைத் துடைப்பதோடு விடாமல், டேங்க்கிலிருந்து வரும் வழியில் ஒரு நல்ல ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வால்வில் மாட்டிக்கொள்ளும்.

கலவை வைப்பது

டேம்பரில் எண்ணெய் ஊற்றுங்கள், எஸ்.ஏ.இ. 20 தரம். டேம்பர் மூடியில் சிறு துளை இருந்தால் பிஸ்டனின் குழல் தண்டுக்கு மேலே அரை அங்குலம் வரை, துளை இல்லாத தூசி புகா வகையானால் தண்டின் மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே. டேம்பரை மெதுவாக இறக்கும்போது மூடி திருகும் இடத்துக்குக் கால் அங்குலம் முன்பே கையில் தடை உணர்ந்தால் அளவு போதும். எண்ணெய் இல்லாமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு நொடி திக்கி இழுக்கும், அதைக் கலவை என்று நினைத்து ஏமாறாதீர்கள். மிகக் கெட்டியான எண்ணெய் ஊற்றினாலும் பிக்கப் மந்தமாகும்.

இப்போது அடிப்படை நிலை. கலவை நட்டை மேலே ஏற்றி, ஜெட்டின் மேல் முனை பாலத்தோடு சமமாக வரும்வரை கொண்டுபோங்கள். அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பக்கம், கீழே இறக்குங்கள். அறுகோண நட்டின் ஒரு பக்கம் என்பது ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு. இனி எல்லாக் கணக்கும் பக்கத்தில்தான். நட் கீழே இறங்கினால் ரிச், மேலே ஏறினால் லீன். ஒவ்வொரு தடவை திருப்பிய பின்னும் ஜெட்டைக் கீழிருந்து விரலால் மேலே தள்ளி, நட்டில் உட்காருகிறதா என்று பாருங்கள். வயதான நைலான் குழாய் விறைத்து, சோக்கை விட்ட பின்னும் ஜெட்டைக் கீழேயே பிடித்து வைக்கும். ரிச் ரிச் என்று புலம்பும் வண்டிகளில் பல இப்படித்தான். இது அடைபட்ட ஜெட்டல்ல, குழாயை மாற்றினால் போதும்.

த்ராட்டில் திருகை முழுதும் விடுவித்து, த்ராட்டிலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்திலிருந்து ஒன்று முதல் ஒன்றரை சுற்று உள்ளே விடுங்கள். ஃபாஸ்ட் ஐடில் திருகு (சோக்கை இழுக்கும்போது வேகத்தைக் கூட்டுவது) எதையும் தொடக் கூடாது. ஸ்டார்ட் செய்து, தண்ணீர் வழக்கமான சூட்டுக்கு வரும்வரை ஓட விடுங்கள், நிறுத்தி வைத்துச் சூடாக்குவதைவிட ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது மேல். மேனுவலில் ஐடில் 500 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. வயதான என்ஜினில் 600–700 வைத்தாலும் தவறில்லை.

சரிசெய்ய: நட்டை ஒரு பக்கம் திருப்புங்கள், ஆக்சிலேட்டரை ஒருமுறை லேசாகத் தட்டி விடுங்கள், பிஸ்டன் அடங்கட்டும், பிறகு கேளுங்கள். சைலன்சரின் பின்னால் கையை வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ரிச்சாக இருந்தால் தாளம் தப்பாமல், குறித்த இடைவெளியில் ஒரு இடறல், புகையில் கறுப்பு. லீனாக இருந்தால் ஒழுங்கில்லாமல் நீர் தெறிப்பது போன்ற விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங், புகை நிறமே இல்லை. ஐடில் வேகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நட்டை நிறுத்திவிட்டு, கூடிய வேகத்தைத் த்ராட்டில் திருகால் குறையுங்கள். வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடியாவிட்டால், 2500 ஆர்.பி.எம்.மில் ஒரு நிமிடம் ஓட விட்டு மேனிஃபோல்டில் தேங்கிய பெட்ரோலைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். அப்படிச் செய்யாமல் ஐடிலிலேயே வைத்து ட்யூன் செய்தால், பிளக் கறுத்து, சரியான கலவையே ரிச்சாகத் தோன்றும்.

உறுதி செய்ய, கார்புரேட்டரின் பக்கத்தில் கீழே தெரியும் சிறு கம்பி இருக்கிறது, பிஸ்டனைத் தூக்கும் பின். முதலில் அது சும்மா நகரும், பிறகு பிஸ்டனைத் தொடும். அந்த இடத்திலிருந்து ஒரு மி.மீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கொஞ்சம் கூடி அடுத்த கணமே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் ரிச், நட்டை ஒரு பக்கம் மேலே ஏற்றுங்கள். தூக்கியதும் தடுமாறி அணைந்தால் லீன், ஒரு பக்கம் கீழே. அதிகம் தூக்கினால் எந்தக் கலவையும் லீனாகத்தான் காட்டும், அதனால் கையை அளவாக வையுங்கள். ஏர் கிளீனரை மாட்டிய பிறகு இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அடைபட்ட கிளீனர் கலவையை மாற்றிவிடும்.

சோக்கும் ஃபாஸ்ட் ஐடிலும்

சோக் கேபிளில் ஜெட் லிவரை இழுக்கும் முன் 1.5 மி.மீ. தளர்வு இருக்கட்டும், தளர்வே இல்லாவிட்டால் ஜெட் எப்போதும் பாதி இறங்கியே நிற்கும். சோக் குமிழை ஜெட் நகரத் தொடங்கும் இடம் வரை இழுத்து, ஃபாஸ்ட் ஐடில் திருகால் வேகத்தை 900–1000க்குக் கொண்டுவாருங்கள். குமிழை உள்ளே தள்ளினால் திருகுக்கும் கேமுக்கும் நடுவே 0.4 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். வெயில் நாட்டில் சோக்கை முழுதும் இழுக்க வேண்டியிருந்தால் எங்கோ லீன் என்று அர்த்தம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய நிலையில் வைத்த நட் இதில் லீனாகும். ஐடிலுக்கு ஓரிரு பக்கம் கீழே இறக்கினால் சரியாகிவிடும், ஆனால் மேல் வேகத்தில் நீடில்தான் கலவையைத் தீர்மானிக்கிறது. ஏற்றத்தில் நாக்கிங் வந்து, பிளக் வெளுத்தால் 1098க்கு எச்.6 என்ற ரிச் நீடிலைப் பாருங்கள். அதைவிட முக்கியம் ரப்பர்: எத்தனால் பழைய ஹோஸ்களை உள்ளிருந்து உரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஜே30ஆர்9 தர ஹோஸும், விட்டான் என்ற செயற்கை ரப்பர் முனை வைத்த ஃப்ளோட் வால்வும் போட்டுவிட்டால் பாதி கவலை இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியானால் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஈரம் உறிஞ்சிய எரிபொருளில் பித்தளை பச்சை பிடிக்கும்.

இலங்கையில் வாங்கும் வண்டி என்றால் என்ஜினின் கதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990களில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் இந்த மோரிஸ்களும் ஒஸ்டின்களும் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்டார்ட் செய்ய மட்டும் கொஞ்சம் பெட்ரோல். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் கலந்துவிடும். அப்படி ஓடிய என்ஜின் திரும்பக் கட்டப்படாமல் இருந்தால் கம்ப்ரஷன் பார்க்காமல் கார்புரேட்டரில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சாலையில்

பதினைந்து கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, கிளட்சை மிதித்து அப்போதே என்ஜினை நிறுத்தி, வண்டி நின்றதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். இன்சுலேட்டர் லேசான பழுப்பாக இருக்க வேண்டும். நான்கும் கறுப்புக் கரியானால் ரிச், நான்கும் வெள்ளையானால் லீன். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள், ஒரே கார்புரேட்டர் நான்குக்கும் கொடுக்கிறது. அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று போகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் பட்பட் என்றால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு, சில சமயம் லீன். வெயிலில் நிறுத்தி அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகாவிட்டால், சோக்கை இழுக்காமல் ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் சேம்பரின் பெட்ரோல் ஆவியாகி மேனிஃபோல்டை நிரப்பியிருக்கும், ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்பப் பம்ப் அடித்தாலும் இந்தக் கார்புரேட்டரில் ஒரு சொட்டும் கூடுதலாக வராது.